இரண்டு கரைக்கும் கேட்ட சங்கு

பாய்லர் சர்டிபிகேட் வாங்கிய கையோடு எங்கள் ஊர் அரிசி ஆலைகளுக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். எந்த பிரஷரில் எந்த வால்வு திறக்கும், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பரீட்சையும் எழுதிவிட்டீர்கள். அதையே நான் மறுபடி சொன்னால் கொட்டாவிதான் விடுவீர்கள். அதனால் இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் சொல்கிறேன். ஒன்று நான் பக்கத்தில் நின்று பார்த்தது. இன்னொன்று நானே செய்தது. செய்ததைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது பெருமைதான், மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் ஊர். வாலாஜாபாத் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நவாப்பின் பெயரும், வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த கதையும் ஞாபகம் வரும். எங்களுக்கு ஞாபகம் வருவது நெல் அவிக்கும் வாசனை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உத்திரமேரூர் வரைக்கும் ஏரிப் பாசன ஊர்கள். அறுத்த நெல்லை மாட்டு வண்டியில் ஏற்றிப் பாலாற்று மணலைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கம் ரயில் இருந்தது. நடுவில் ஆறு. கோடையில் ஒரு முழம் தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் கிடைக்கும் ஆறு. நெல், தண்ணீர், ரயில் மூன்றும் சேர்ந்த இடத்தில் மில்கள் வந்தன. மில்லுக்குப் பின்னால் கடைகள் வந்தன. பள்ளிவாசல் தெருவில் வியாபாரக் குடும்பங்கள் மில் வைத்தார்கள். அக்கரைக் குடியானவர்கள் நெல் போட்டார்கள். அவர்கள் ஊர்ப் பெண்களே களத்தில் நெல் காய வைத்தார்கள். ஒரு கரை மட்டும் இருந்திருந்தால் இந்த ஊர் தொழில் ஊராக ஆகியிருக்காது.

நான் காவாந்தண்டலத்துக்காரன். விவசாயக் குடும்பம். சைக்கிளில் தரைப்பாலத்தைக் கடந்து வேலைக்கு வந்தவன். ஆற்றங்கரையை ஒட்டியிருந்த ஒரு மில்லில் சேர்ந்தேன். அங்கே செங்கல் கட்டுக்குள் உட்கார்ந்திருந்த பழைய பாய்லர் ஒன்று இருந்தது. உமி போட்டு எரிப்பது. அதன் புகைபோக்கி ரயிலில் வருகிறவர்களுக்கே தெரியும். விசிறி, மோட்டார் எதுவும் வேண்டாம். அந்த உயரமே காற்றை இழுத்து நெருப்பை வளர்க்கும்.

எனக்கு முன்னால் அந்த பாய்லரைப் பார்த்தவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தன் பெயரை நாலு பேர் நடுவில் சொல்வதை விரும்பாத மனிதர். பெரியவர் என்று வைத்துக்கொள்வோம்.

பொங்கலுக்கு முந்தைய நாட்கள். தொட்டிகள் எல்லாவற்றிலும் நெல் ஊறிக்கொண்டிருந்தது. ஊறிய நெல்லை நேரத்தோடு அவிக்காவிட்டால் நாற்றமெடுத்துவிடும். அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர் ஏற்றும் பம்ப் காற்றை இழுத்துக்கொண்டது. யாரும் கவனிப்பதற்குள் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கீழே இறங்கிக் காணாமலே போய்விட்டது. பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வெளியே காட்டுவது அந்தக் குழாய் ஒன்றுதான். அது வெறுமையாக இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதற்குள் பம்பைச் சரிசெய்துவிட்டார்கள். மேனேஜர் ஓடி வந்தார்.

"பம்ப்பு ரெடியாயிடுச்சுய்யா, தண்ணிய வுடு! நெல்லு நாறிடும்!"

பெரியவர் பம்பின் வால்வுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார். "காய்ஞ்ச இரும்பு மேல பச்சத் தண்ணிய வுட்டா நெல்லு நாறாது, நாமதான் நாறுவோம். யாருன்னா வந்து நெருப்ப இழுங்கோ."

மேனேஜர் கத்தினார். வேலையை விட்டு அனுப்புவேன் என்றார். பாய்லர் வெடித்துவிடும் என்று தெரிந்த பெரியவர் வால்வை விட்டு நகரவில்லை. நானும் இன்னொருவரும் நீளக் கம்பிகளால் எரிகிற உமியை வெளியே இழுத்துப்போட்டோம். பாய்லர் தானாக ஆறும் வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை அவர். நெல் வீணாயிற்று. சாயங்காலம் முதலாளி வந்தார்.

"நாளைக்கு ஓடுமா?"

"நாளைக்கு ஓடாதுங்க. நாளன்னிக்கு ஓடும்."

"சரி. எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பு."

அவ்வளவுதான் விசாரணை. மறுநாள் பாய்லரைச் சோதித்துப் பார்க்க நாங்கள் மட்டும் வந்திருந்தோம். பெரியவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபோது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். முந்தின நாள், எல்லாரும் கத்திய நேரத்தில், அந்தக் கை நடுங்கவில்லை. பயம் எல்லாருக்கும் வரும் தம்பிகளே. அதை மறுநாள் சாப்பாட்டு நேரம் வரைக்கும் தள்ளிப்போட முடிந்தால் நீங்கள் இந்தத் தொழிலுக்கு ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இனி நான் செய்தது.

பெரியவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த முதலாளியும் இல்லை. அவர் மருமகள் நூர்ஜான் அம்மா மில்லைப் பார்த்துக்கொண்டார். கணவர் போனபின் மில்லை விற்றுவிடுவார் என்று ஊரே பேசியது. அவரோ காலையில் முதல் ஆளாக வந்து களத்தில் நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கிறவர்.

அது கார்த்திகை மாதம். நாள் கணக்காக மழை. கம்பங்கள் சாய்ந்து ஊருக்கே கரண்ட் இல்லை. செல்போன் டவரும் படுத்துவிட்டது. மில் ஓடவில்லை. ஆனாலும் பாய்லரில் நெருப்பை முழுக்க அணைக்காமல் உமி போட்டு மூடி வைத்திருந்தோம். கரண்ட் வந்தால் உடனே தொட்டி நெல்லை அவிக்கலாம் என்று. என்னுடன் நெருப்புப் பார்த்தவர் தணிகாசலம். அதிகம் பேசாதவர், மண்வெட்டி பிடித்தால் ஓயாதவர்.

அன்று காலை மழை விட்டு வெயில் அடித்தது. பல வருஷமாக மணலாகவே கிடந்த பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது என்றால் எங்கள் பக்கத்து ஜனம் வீட்டில் இருக்குமா? இரண்டு கரையிலிருந்தும் கிளம்பிவிட்டார்கள். தரைப்பாலத்தின் மேல் கூட்டம். கற்பூரம் ஏற்றுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், போட்டோ எடுக்கிற பிள்ளைகள். ஆற்றின் நடுவில் இருந்த மணல் திட்டுகளிலும் ஆட்கள். தண்ணீர் அப்போது பாதி ஆற்றில்தான், அதுவும் முழங்கால் அளவுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மில் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மேற்கே ஏதோ ஒரு ஆற்றோர கிராமத்து இளைஞர். நான் முன்பின் பார்த்ததில்லை.

"அண்ணா, மேல தண்ணி எக்கச்சக்கமா வந்துகினு கீது. எங்க ஊர் தரப்பாலம் முழுகிப்போச்சு. மாடு, கூரை எல்லாத்தையும் அடிச்சிக்கினு வருது. இங்க இன்னா, ஜனங்கோ திருவிழா மாதிரி நிக்கிறாங்கோ!"

"எவ்ளோ நேரம் கீது?"

"நான் வண்டியில வந்தேன். அது என் பின்னாடியே வருது."

கரையில் இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். அவர்களும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். பாலாறு எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கரையில் கத்தினால் பாதி ஆறு கூடத் தாண்டாது. அந்த இளைஞர் வண்டியைத் திருப்பித் தரைப்பாலத்தில் ஏறினார், ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டு. பாலத்தில் இருப்பவர்களுக்கு அவர் சொல்வார். மணல் திட்டுகளில் இருப்பவர்களுக்கு யார் சொல்வது?

நூர்ஜான் அம்மா என்னைப் பார்த்தார். "ஏழுமல, பழைய சங்கு ஊதுமா?"

மில் சங்கு என்றால் உங்களுக்கு சுவிட்சைத் தட்டினால் கத்தும் எலக்ட்ரிக் சைரன். அதற்கு முன்னால் நீராவிச் சங்கு இருந்தது. பாய்லர் தலையிலிருந்து போகும் குழாயில், கூரைக்கு மேலே பித்தளையில் நிற்கும். சங்கிலியை இழுத்தால் ஆவி பீறிட்டு ஊதும். இரண்டு கரை ஊர்களும் அதைக் கேட்டுத்தான் எழுந்தன, சாப்பிட்டன, வேலைக்குக் கிளம்பின. சைரன் வந்தபின் அதை யாரும் தொடவில்லை. கழற்றி எடைக்குப் போடவும் மனசு வரவில்லை.

"வால்வு துருப் புடிச்சிருக்கும் அம்மா. பிரஷரும் ஏத்தணும்."

"கரண்ட் இல்லாம அக்கரைக்குக் கேக்கற மாதிரி இந்த ஊர்ல வேற இன்னா கீது?"

வேறு எதுவும் இல்லை. தணிகாசலத்திடம் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. ஏற்கெனவே நெருப்பைக் கிளறி உமியைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். புகைபோக்கி காற்றை இழுத்தது. புது பாய்லராக இருந்திருந்தால் விசிறி ஓடாமல் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்போம். அந்தச் செங்கல் கோபுரத்தை யார் கட்டினார்களோ, அவர்களை அன்று மனசுக்குள் கும்பிட்டேன்.

பிரஷர் காட்டும் முள் மெதுவாக ஏறியது. நான் கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். தண்ணீர் பாதிக்குச் சற்று மேலே நின்றது. தண்ணீர் ஏற்றும் மோட்டார் கரண்ட் இல்லாமல் ஓடாது. நீராவியில் ஓடும் பழைய பம்ப் ரிப்பேருக்குக் கழற்றிக் கிடந்தது. ஆக, உள்ளே இருக்கும் தண்ணீர்தான் எல்லாம். ஒவ்வொரு தடவை ஊதும்போதும் அது குறையும். நிரப்ப வழியில்லை.

ஏணியில் ஏறிச் சங்கின் வால்வைச் சுத்தியலால் தட்டினேன். பாதி அசைந்தது. சரி, பாதியே போதும் என்று இறங்கி வந்து சங்கிலியைப் பிடித்தேன். பழைய பழக்கத்தில் நீளமாக ஒரு இழுப்பு இழுக்கத்தான் போனேன்.

"அண்ணா, நிறுத்து!"

குப்பம்மா. களத்துப் பெண்களுக்குத் தலைவி மாதிரி. அக்கரைக்காரர். மில் ஓடாவிட்டாலும் தொட்டி நெல்லைப் பார்க்க அன்று விடியும்போதே நாலைந்து பெண்களோடு வந்திருந்தார்.

"நீட்டி ஊதினா எங்க ஊர்ல இன்னான்னு நெனைப்பாங்கோ? மில்லு ஓட ஆரம்பிச்சிடுச்சின்னு சோத்துத் தூக்க எடுத்துக்கினு ஓடியாருவாங்கோ. வேல இல்லாம இத்தினி நாளா காத்துக்கினு கீறாங்கோ அண்ணா. நேரா ஆத்துலதான் வந்து எறங்குவாங்கோ!"

என் கை சங்கிலியிலேயே நின்றுவிட்டது. எத்தனை வருஷம் அந்தச் சங்கை ஊதியவன் நான். அது எனக்கு ஒரு சத்தம். கேட்கிறவர்களுக்கு அது 'வா' என்ற வார்த்தை. 'வராதே' என்று அந்தச் சங்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"அப்ப எப்டி ஊதறது?"

"வுட்டு வுட்டு ஊது. இது இன்னாடா புதுசா கீதேன்னு திரும்பிப் பாக்கட்டும். பாத்தா போதும், மீதிய நாங்கோ சொல்றோம்."

சொல்லிக்கொண்டே களத்தில் நெல் மூடும் தார்ப்பாயை உருவினார். நீலமும் மஞ்சளுமாகப் பெரிய தார்ப்பாய்கள். பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். நூர்ஜான் அம்மா குடோன் மொட்டை மாடிக்கு ஏறினார். பாய்லர் கொட்டகைக்குள் இருக்கும் எனக்கு ஆறு தெரியாது. கூரைச் சந்து வழியாக அவர் குரல்தான் எனக்குக் கண்.

விட்டு விட்டு ஊதினேன். நாய் குரைக்கிற மாதிரி, அறுத்து அறுத்து. ஊதிவிட்டு நிறுத்திக் காது கொடுத்தேன்.

"திரும்பறாங்க! எல்லாம் இந்தப் பக்கம் பாக்குறாங்க!"

மறுபடி ஊதினேன்.

"குப்பம்மா தார்ப்பாய வீசுது... புரிஞ்சிடுச்சு... பாலத்துல இருக்கிறவங்க ஓடறாங்க. பாதிப் பேர் இங்க, பாதிப் பேர் அங்க."

தணிகாசலம் உமியைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அவர் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருந்தது.

அப்புறம் மேலே குரல் நின்றது.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒரு பொண்ணு... இடுப்புல கொழந்த. நடுத் திட்டுல நிக்குது. அங்க போவாம இந்தப் பக்கம் வருது. இந்தப் பக்கம் தண்ணி ஏறிடுச்சு ஏழுமல, பாலத்து மேலயே ஏறிடுச்சு."

அது குப்பம்மாவின் மகள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தண்ணீர் பார்க்கக் குழந்தையோடு வந்தவள். இந்தக் கரையில் அம்மா நிற்பதைப் பார்த்ததும் அம்மாவிடம் வரக் கிளம்பிவிட்டாள். அவளுக்கும் அக்கரைக்கும் நடுவில் மணல்தான் இருந்தது, நடந்தே போய்விடலாம். அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில்தான் ஆறு. குப்பம்மா போ, போ என்று கை வீசியிருக்கிறார். மகள் கேட்கவில்லை. அழுதுகொண்டே வந்திருக்கிறாள்.

அப்போது குப்பம்மா ஒரு காரியம் செய்தார். தார்ப்பாய் முனையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கரையை விட்டு இறங்கி மில்லுக்குள் நடந்து வந்துவிட்டார். மகள் பார்வையில் அம்மா இல்லை. கொட்டகை வாசலில் வந்து நின்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். அவர் நடந்து வந்த நேரமெல்லாம் நான் விட்டு விட்டு ஊதிக்கொண்டுதான் இருந்தேன். மறுபடியும் ஊதினேன்.

மாடியிலிருந்து குரல் வர எவ்வளவு நேரம் ஆயிற்றோ, எனக்கு அது ரொம்ப நேரம்.

"திரும்பிட்டா! அந்தப் பக்கம் போறா. ஓடறா... அந்த மோட்டார் சைக்கிள்காரன் கொழந்தைய வாங்கிக்கினான். ஏறிட்டாங்க. கரை ஏறிட்டாங்க!"

குப்பம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கரைக்கு ஓடினார்.

இதற்குள் கண்ணாடியில் தண்ணீர் அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டது. கொட்டகைத் தரையில் ஈரம் கசிய ஆரம்பித்திருந்தது. ஆற்று மட்டம் ஏறினால் சாம்பல் குழியில் ஊற்று வரும் என்று எனக்குத் தெரியும். மேலிருந்து மறுபடி குரல்.

"ஏழுமல, இன்னும் ஒருத்தன் கீறான். கெழக்கால தூரத் திட்டுல ஆடு மேய்க்கிறவன். இத்தினி ஊதறோம், திரும்பவே மாட்டேங்கறான்!"

குப்பம்மா கரையிலிருந்தே பதில் கத்தினார். "அவனுக்குக் காது கேக்காது அம்மா! பேச்சும் கெடையாது! எங்க பக்கத்துத் தெரு முனியன் அவன்!"

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். காது கேட்காதவருக்குச் சங்கு ஊதி என்ன பயன் என்று என் புத்தி ஒரு பக்கம் சொன்னது. கண்ணாடி காலியாகப் போகிறது, இனி நெருப்பை வைத்துக்கொண்டு ஊதினால் இங்கே இருக்கும் எல்லாரும் போவோம் என்று இன்னொரு பக்கம் சொன்னது. இரண்டுமே சரி. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மனசு வரவில்லை. பெரியவர் வால்வுக்குக் குறுக்கே நின்ற அந்த நாள் ஞாபகம் வந்தது. அவர் முதலில் செய்தது என்ன? நெருப்பை இழுத்தது. நெருப்பு இல்லாவிட்டால் தண்ணீர் குறைவதால் வரும் ஆபத்து பெரும்பாலும் போய்விடும். உள்ளே மிச்சம் இருக்கும் ஆவி மட்டும் என்னுடையது. அதை எப்படி வேண்டுமானாலும் செலவு செய்யலாம். ஆனால் ஒரே தடவைதான். அப்புறம் வேறு யாராவது ஆற்றில் இருந்தாலும் ஊத ஒன்றும் இருக்காது.

"அம்மா, பாலம் காலியா?"

"காலி!"

"மத்த திட்டெல்லாம்?"

"யாரும் இல்ல. அவன் ஒருத்தன்தான்."

"தணிகாசலம், நெருப்ப இழு."

அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். எரிகிற உமியைக் கம்பியால் இழுத்து ஈரத் தரையில் போட்டார். புகையும் ஆவியுமாகக் கொட்டகை இருட்டிவிட்டது. நான் ஏணியில் ஏறி, பாதியில் மாட்டியிருந்த அந்த வால்வைச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். சூட்டில் இளகியிருந்ததோ என்னவோ, முழுக்கத் திறந்துகொண்டது. இறங்கி ஓடிச் சங்கிலியை இழுத்துப் பிடித்தேன்.

அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கூரைத் தகரம் ஆடியது. நீளமாக, நிறுத்தாமல், ஆவி இருக்கும் மட்டும் ஊதியது. முள் இறங்க இறங்கக் குரல் தடித்து, அழுகிற மாதிரி கீழே இறங்கியது. எனக்குக் காது அடைத்துப்போய், அம்மா கத்தியது எதுவும் கேட்கவில்லை. ஆவி தீர்ந்து சங்கு சீறி ஓய்ந்ததும் நானே மாடிக்கு ஓடினேன்.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"ஆடு, ஏழுமல! ஆட்டுக்குக் காது கேக்குமே!"

தூரத் திட்டில் மந்தை மிரண்டு வாலைத் தூக்கிக்கொண்டு அக்கரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் முனியன், கோலை வீசிக்கொண்டு, அவற்றைப் பிடிக்க ஓடினார். எதற்காக ஓடுகின்றன என்று அவருக்குத் தெரியாது. தன் ஆடுகள் ஓடுகின்றன, அவ்வளவுதான். கரை ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

தண்ணீர் செம்மண் நிறத்தில், வேரோடு பிடுங்கிய மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. ஒரு வைக்கோல் போர் முழுசாக மிதந்து வந்தது. கற்பூரம் ஏற்றிய இடம், போட்டோ எடுத்த இடம், குழந்தையோடு அந்தப் பெண் நின்ற இடம் எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தன. முனியன் நின்றிருந்த திட்டு கடைசியில் போயிற்று. இந்தப் பக்கத்துத் தரைப்பாலத்தில் ஒரு பகுதி பெயர்ந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். ஊரே கரையில் நின்றது. வீடு வீடாக, தெரு தெருவாக ஆள் கணக்குப் பார்த்தார்கள். அக்கரையிலும் பார்த்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் கூடக் குறையவில்லை.

மத்தியானத்துக்குள் மில்லுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. சாம்பல் குழி நிறைந்து, பாய்லரின் செங்கல் கட்டு வரை ஏறியது. நெருப்பு உள்ளே இருந்திருந்தால் கட்டு வெடித்திருக்கும். இழுத்துவிட்டதால் தப்பியது. தொட்டி நெல் முழுக்கப் போயிற்று. சேற்றில் கலந்து கிடந்த நெல்லைப் பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டபோது நூர்ஜான் அம்மா ஒரே வார்த்தை சொன்னார்: "நெல்லு அடுத்த போகத்துல வெளையும்."

களத்துப் பெண்கள் வீட்டுக்குப் போக வழியில்லை. அம்மா குடோனைத் திறந்துவிட்டார். அவர்களுக்கு அவர் வீட்டிலிருந்தே சோறு வந்தது. அக்கரையில் மாட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிள்காரர் குப்பம்மா வீட்டில், அவர் மகள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறு வடியும் வரை இந்தக் கரை ஆட்களை அந்தக் கரையும், அந்தக் கரை ஆட்களை இந்தக் கரையும் பார்த்துக்கொண்டன. ஊர்ப் பெருமை என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

குப்பம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், எப்படி முதுகைக் காட்ட மனசு வந்தது என்று.

"நான் நின்னுக்கினு இருந்தா அவ வருவா. அம்மா இல்லன்னா வூட்டுக்குத்தான போவணும்?" என்றார். "காலு வரவே இல்ல அண்ணா. நீ ஊதினயே, அத்தக் கேட்டுக்கினே நடந்தேன்."

எங்கேயாவது பாய்லர் பற்றிப் பேச்சு வந்தால் என்னைப் புகழ்வார்கள். நான் ஊதியது உண்மை. ஆனால் எப்படி ஊதுவது என்று சொன்னவர் அவர். அவசரத்தில் பக்கத்திலிருந்து 'நிறுத்து' என்று ஒரு குரல் வந்தால், அது யாருடைய குரல் என்று பார்க்காதீர்கள். என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அன்று அந்த ஒரு நொடி நான் கேட்காமல் இழுத்திருந்தால் இந்தக் கதை வேறு கதை.

பாய்லர் மறுபடி ஓடத் தை மாதம் தாண்டிவிட்டது. செங்கல் கட்டைப் பிரித்துக் கட்டினோம். சோதனை எல்லாம் முடிந்து அனுமதி வந்து முதல் ஆவி ஏற்றிய காலையில், கரண்ட் இருந்தும் அம்மா சைரனைப் போட விடவில்லை. பழைய சங்குதான் என்றார். அதைத் துலக்கிப் பொன் மாதிரி ஆக்கி வைத்திருந்தார் தணிகாசலம். இன்றைக்கு அது புது பாய்லரின் தலையில் நிற்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஊத நேரம் இருந்தது. வாசலில் முனியன் வந்து நின்றார், தன் அக்காவோடு. ஆற்றில் போட்டிருந்த தற்காலிக மண் பாதை வழியாக நடந்தே வந்திருந்தார்கள்.

"இவன் தொந்தரவு தாங்கல அண்ணா," என்றார் அந்த அக்கா. "அன்னிக்கு ஆடு ஏன் ஓடுச்சுன்னு ஜாடையில கேட்டுக்கினே கீறான். சங்கு ஊதினாங்கோன்னு சொன்னா, சங்குன்னா இன்னான்றான். எப்டி சொல்றது? அதான் கூட்டியாந்தேன்."

சத்தத்தை எப்படிக் காட்டுவது? எனக்கும் தெரியவில்லை. அவரைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனேன். ஆவிக் குழாய் சுடும், தொட முடியாது. அதைத் தாங்கி நிற்கும் இரும்புத் தூண் சுடாது. அவர் உள்ளங்கையை எடுத்துத் தூணில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சங்கிலியை இழுத்தேன்.

தூண் அதிர்ந்தது. முனியன் வாய் திறந்தது. இன்னொரு கையையும் தூணில் வைத்தார். பிறகு நெற்றியைச் சாய்த்து வைத்தார். ஆவி நிற்கும் வரை அப்படியே இருந்தார். நிமிர்ந்து, இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்து, கண்ணை உருட்டி, மிரண்டு ஓடுகிற கிடாவைப் போலத் தலையை ஆட்டிக் காட்டினார். கொட்டகையே சிரித்தது. தணிகாசலம் கூடச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

முனியன் தூணிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். இன்னொரு தடவை.

ஒரு ஷிப்டுக்கு ஒரு சங்குதான் கணக்கு. நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஊது," என்றார்.

நேரம் தவறி ஊதிய அந்த இரண்டாவது சங்கைக் கேட்டு, தாமதமாகிவிட்டதோ என்று அக்கரைப் பெண்கள் மூச்சிரைக்க ஓடி வந்து, வாசலிலேயே நிறுத்தி என்னைத் திட்டித் தீர்த்தார்கள். அத்தனை திட்டையும் நின்று வாங்கிக்கொண்டேன்.